நடுங்கும் காமிராவும் நிலைகுலைந்த ரசிகர்களும்

2008-ஆம் வருஷம் ஜனவரி 18-ஆம் தேதி அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான 'க்ளோவர்ஃபீல்ட்' என்ற படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஜனங்களின் மனநிலையை ஆராயப் புகுகிறவன் முதலில் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. சுமார் 2½ கோடி டாலர் செலவில், பிரபல நட்சத்திரம் ஒருவர்கூட இல்லாமல் எடுக்கப்பட்ட அந்தப் படம், முதல் மூன்று நாட்களில் ஏறக்குறைய 4 கோடி டாலர் வசூலித்து, ஜனவரி மாதத்தில் அதுவரை வெளியான படங்கள் எல்லாவற்றையும் மிஞ்சியது. ஆனால் அடுத்த வார இறுதியிலேயே அந்த வசூல் 1 கோடியே 27 லட்சமாக, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாக இறங்கிவிட்டது. முதல் நாள் இரவில் அரங்கை விட்டு வெளியேறுகிறவர்களிடம் சீட்டுக் கொடுத்து மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் என்ற நிறுவனத்திடம், அன்று வந்தவர்கள் இந்தப் படத்துக்குக் கொடுத்தது 'சி' என்ற மதிப்பு. சந்தோஷமாக வீடு திரும்புகிறவர்கள் தாராளமாக 'ஏ' வழங்குவது வழக்கமாகிவிட்ட ஓர் ஏற்பாட்டில் அதை அதிருப்தி என்றே கொள்ள வேண்டும். பத்திரிகை விமர்சகர்களிலோ பெரும்பாலோர் படத்தைப் பாராட்டியே எழுதினார்கள். ராட்சத மிருகங்கள் நகரங்களை நாசம் செய்யும் படங்களை விமர்சகர்கள் முகம் சுளித்து ஒதுக்குவதும், ஜனங்கள் கொண்டாடி மகிழ்வதுமே உலக வழக்கமாயிருக்க, இங்கே அது தலைகீழாயிற்று.

இதற்கு வியாபார உலகம் உடனே ஒரு காரணம் சொல்லிவிட்டது: விளம்பரம் பெரிது, சரக்கு சிறிது, ஆகவே வந்தவர்கள் ஏமாந்தார்கள் என்பது அது. அந்த விளக்கம் பொய்யன்று, ஆனால் போதாது. ஏமாற்றமடைந்தவன் சலிப்போடு எழுந்து போவான். இந்தப் படத்தைப் பார்த்தவர்களில் கணிசமானவர்களிடம் தோன்றியது சலிப்பன்று, ஒரு வகையான சீற்றம். சிலருக்கு உடம்பே எதிர்த்தது. சிலருக்கு அறிவு எதிர்த்தது. நியூயார்க் நகரத்தாரில் சிலருக்கு நெஞ்சு எதிர்த்தது. இந்த மூன்று எதிர்ப்புகளும் மூன்று தனித்தனிக் குறைகளால் விளைந்தவை அல்ல என்பதும், ரசிகனுக்கு என்று கலை நெடுங்காலமாக ஒதுக்கி வைத்திருந்த பத்திரமான ஆசனத்தை இந்தப் பாணி பறித்துக்கொண்டதன் விளைவுகளே அவை என்பதும் என் அபிப்பிராயம்.

படத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் உத்தியோகம் ஏற்கப்போகும் ராப் என்ற இளைஞனுக்கு, மன்ஹாட்டனின் தென்பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் நண்பர்கள் வழியனுப்பு விருந்து வைக்கிறார்கள். விருந்தைப் படம் பிடிக்கும் பொறுப்பு ஹட் என்ற நண்பனின் தலையில் விழுகிறது. நிலம் அதிர்கிறது, தூரத்தில் தீ எழுகிறது, சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து உருண்டு விழுகிறது. புரூக்ளின் பாலம் அறுந்து விழுந்து ராப்பின் சகோதரன் மாண்டுபோக, இடிந்து சாய்ந்த அடுக்குமாளிகையில் சிக்கியிருக்கும் காதலி பெத்தைத் தேடி, தப்பி ஓடும் ஜனங்களுக்கு எதிர்த்திசையில் ராப் நடக்கிறான், மற்றவர்கள் பின்தொடர்கிறார்கள். ஹட் கடைசிவரை காமிராவைக் கீழே வைப்பதில்லை. 'முன்னர் சென்ட்ரல் பார்க் என்று அழைக்கப்பட்ட இடத்தில்' ராணுவத்தார் கண்டெடுத்த காமிராவிலிருந்த பதிவு இது என்று தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பு வருவதால், நாம் பார்ப்பவர்களில் யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பதும் முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஜே. ஜே. ஏப்ரம்ஸ் தயாரிக்க, ட்ரூ காடார்ட் எழுத, மாட் ரீவ்ஸ் இயக்கிய இந்தப் படம், 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என்று வழங்கும் அந்தப் பாணியை, அதாவது யாரோ எடுத்து விட்டுப்போன பதிவையே நாம் பார்க்கிறோம் என்ற பாவனையை, ஒரு மாநகரத்தின் பேரழிவுக்கு முழுமையாகப் பொருத்திப் பார்த்த துணிகரமான முயற்சி.

ரசிகர்களின் எதிர்வினை படம் வெளியான அன்று தொடங்கவில்லை. அதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2007 ஜூலையில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தோடு ஒரு முன்னோட்டம் காட்டப்பட்டது. அதில் விருந்து இருந்தது, அதிர்ச்சி இருந்தது, சிலையின் தலை இருந்தது. படத்தின் பெயர் மட்டும் இல்லை, வெளியாகும் தேதியே இருந்தது. பெயரில்லாத ஒன்றைக் கண்ட ஜனங்களின் கற்பனை கட்டவிழ்ந்து ஓடியது. காட்ஸில்லா திரும்புகிறது என்றார்கள் சிலர். லவ்கிராஃப்டின் கதைகளில் வரும் கடலடித் தெய்வம் என்றார்கள் வேறு சிலர். முன்னோட்டத்தில் யாரோ அலறும் வாக்கியத்தில் சிங்கம் என்ற சொல் கேட்பதாக எண்ணி, சிங்க வடிவ இயந்திரங்கள் வரும் பழைய தொடரான 'வோல்ட்ரான்' என்றுகூடச் சாதித்தவர்கள் உண்டு. படம் வெளிவந்தபோது அந்தப் பிராணி ஒன்றே ஒன்றாக இருந்தாக வேண்டியிருந்தது. ஆறு மாதக் காலம் ஆயிரம் உருவங்களில் அதை வளர்த்து வைத்திருந்தவர்களுக்கு அந்த ஒன்று எப்படித் திருப்தி அளிக்கும்?

அந்த முன்னோட்டத்தையொட்டி நிகழ்ந்த இன்னொரு சம்பவம், பார்வையாளரின் சித்தத்தை ஆராய்கிறவர்களுக்கு ஒரு பொக்கிஷம் என்றே சொல்வேன். தெருவில் விழும் சிலையின் தலையை உண்மையான அளவுக்கு ஏற்பவே தொழில்நுட்பக் கலைஞர்கள் அமைத்திருந்தார்கள். பார்த்தவர்களோ, தலை மிகவும் சிறியதாயிருக்கிறது, இது நம்பும்படியாக இல்லை என்று குறைகூறினார்கள். இறுதிப் படத்தில் அந்தத் தலை பெரிதாக்கப்பட்டது. அதன்பின் யாரும் ஆட்சேபிக்கவில்லை. மெய்யைக் காட்டியபோது பொய்யென்று மறுத்தவர்கள், பொய்யைக் காட்டியதும் மெய்யென்று ஒப்பினார்கள். உண்மைப் பதிவு என்ற பாவனையில் வரும் படத்திடம் ஜனங்கள் எதிர்பார்ப்பது உலகத்தில் உள்ளபடியான அளவை அன்று, தங்கள் மனத்தில் உள்ளபடியான அளவையே என்பதற்கு இதைக்காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே நம்பிக்கை என்ற பிரச்சினை எழுகிறது. திரையில் தெரிவதை ஜனங்கள் மெய்யென்று நம்பி மயங்கிவிடுவார்கள் என்ற கருத்து சினிமா அளவுக்குப் பழமையானது. 1896-இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய, ரயில் ஒன்று நிலையத்துக்குள் வரும் சிறு படத்தைக் கண்டு பாரிஸ் ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. மார்ட்டின் லாய்பர்டிங்கர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், அப்படி ஒரு பீதி பரவியதற்குச் சமகாலச் சான்று இல்லை என்றும், அது சினிமா தனக்குத்தானே புனைந்துகொண்ட பிறப்புப் புராணம் என்றும் எடுத்துக் காட்டினார். டாம் கன்னிங் என்ற அறிஞரோ, அந்த முதல் ரசிகர்கள் ஏமாந்த பாமரர்கள் அல்லர், பிரமையைப் பிரமை என்று அறிந்தே வியந்தவர்கள் என்று வாதித்தார். 1938 அக்டோபர் 30-ஆம் தேதி ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நிகழ்த்திய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகம் தேசத்தையே கலக்கியதாகப் பத்திரிகைகள் முழங்கின. பிற்கால ஆய்வாளர்கள் அந்தக் கலக்கம் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று நிறுவியிருக்கிறார்கள். மெய்யாகவே நம்ப வைத்த படங்கள் சில உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. 1980-இல் வந்த இத்தாலியப் படமான 'கேனிபல் ஹாலோகாஸ்ட்'டின் இயக்குநர் ருஜெரோ தியோதாத்தோ, தம் நடிகர்கள் கொல்லப்படவில்லை, உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்கு நிரூபிக்க வேண்டியதாயிற்று. 1999-இல் 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தின் விளம்பரமே அதன் நடிகர்கள் காணாமற்போனவர்கள் என்ற கட்டுக்கதையின் மேல் எழுப்பப்பட்டிருந்தது.

ஆனால் 'க்ளோவர்ஃபீல்ட்' விஷயத்தில் இந்த வழக்குக்கே இடமில்லை. நியூயார்க் நகரம் ராட்சதப் பிராணியால் அழிந்துவிட்டது என்று அந்த நகரத்துத் திரையரங்கிலேயே உட்கார்ந்திருக்கும் ஒருவன் நம்புவது எங்ஙனம்? ஒருவரும் நம்பவில்லை; நம்பாமலே நிலைகுலைந்தார்கள். இதுதான் ஆராய்ச்சிக்கு உரிய விந்தை. பொய் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று, மெய்யின் வடிவத்தை மட்டும் பூண்டு வந்தாலே போதும், உடம்பும் உள்ளமும் அந்த வடிவத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுகின்றன.

முதலில் உடம்பைப் பார்ப்போம். படம் வெளியான சில நாட்களுக்குள், பார்த்தவர்களுக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாவதாகப் புகார்கள் குவிந்தன. சில அரங்குகளில், ராட்டினம் ஏறுவோருக்கு வரக்கூடிய மயக்கம் இந்தப் படத்தாலும் வரலாம் என்று வாசலிலேயே எச்சரிக்கை வைத்தார்கள். இதன் காரணத்தை உடலியலார் விளக்குகிறார்கள். உட்செவியில் அமைந்துள்ள சமநிலைப் புலன் 'நீ அசையாமல் உட்கார்ந்திருக்கிறாய்' என்று மூளைக்குச் சொல்ல, கண்ணோ 'நீ ஓடுகிறாய், திரும்புகிறாய், விழுகிறாய்' என்று சொல்ல, இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால் வயிறு கலங்குகிறது என்பது பலரும் ஏற்கும் கொள்கை. பார்வையின் மையப் பகுதியைக் காட்டிலும் விளிம்புப் பகுதியே சுய அசைவு என்ற பிரமையை மிகுதியாக எழுப்பும் என்பதால், முன்வரிசையில் அமர்ந்து திரையால் கண்ணை நிரப்பிக்கொண்டவர்கள் அதிகம் துன்புற்றார்கள். பின்வரிசைக்காரர்கள் ஒருவாறு தப்பினார்கள். தன் கையிலேயே காமிராவைப் பிடித்திருப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவன் அசைவை அவனே தீர்மானிக்கிறான், ஆகவே அவன் மூளை முன்கூட்டியே அறிந்து தயாராகிறது. ஹட்டின் ஓட்டம் நம்முடைய ஓட்டமாகாமல், ஆனால் நம் மேல் சுமத்தப்பட்டதாக இருப்பதனால்தான் நமக்கு மயக்கம் வருகிறது.

இந்தக் குமட்டலைப் படத்தின் பிழை என்று ஒரு சாராரும், பார்த்தவர்களின் பலவீனம் என்று மற்றொரு சாராரும் பேசினார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. வழக்கமான அழிவுப் படத்தில், நகரம் சரியும்போது நாம் ஆகாயத்தில் நின்று பார்க்கிறோம். கட்டடத்தின் உச்சி நொறுங்குவதும், தெருவில் கார்கள் பறப்பதும், அலை எழுவதும் ஒரே பார்வையில் ஒழுங்காக அடங்குகின்றன. அந்த உயரமே நமக்கு அபயம். 1996-இல் வெளியான 'இண்டிபென்டன்ஸ் டே' படத்தில் வெள்ளை மாளிகை வெடித்துச் சிதறியதைக் கண்டு ஜனங்கள் ஆரவாரித்தார்கள் என்றால், அந்தப் பத்திரமான உயரத்தில் அவர்கள் இருந்ததனால்தான். 'க்ளோவர்ஃபீல்ட்' அந்த உயரத்தை அகற்றி, ஐந்தடி உயரத்தில், ஓடுகிறவனின் கைமட்டத்தில் நம்மை இறக்கிவிட்டது. இறக்கப்பட்ட உடம்பு முறையிட்டது. அந்த முறையீடு படத்தைச் சரியாகப் படித்ததன் அடையாளமே.

பயம் என்பதை வகுத்து ஆராய்வதில் நம் தொல்காப்பியர் காட்டிய நுட்பம் இந்த இடத்தில் எனக்குப் பெரிதும் உதவுகிறது. மெய்ப்பாட்டியலில் அவர் மருட்கையையும் அச்சத்தையும் இரு தனி மெய்ப்பாடுகளாகப் பிரித்து, மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கையும், அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவன் என்ற நான்கையும் நிலைக்களன்களாகக் கூறுகிறார். ராட்சதப் பிராணிப் படங்களின் சம்பிரதாயத்தை இந்த அளவுகோலால் அளந்தால், 1933-இன் 'கிங் காங்' முதற்கொண்டு அவை ஜனங்களுக்கு விற்றுவந்தது பெரும்பாலும் அச்சமன்று, மருட்கையே என்பது விளங்கும்: இதுவரை காணாத புதுமை, எம்பயர் ஸ்டேட் மாளிகையின் உச்சியைப் பற்றும் பெருமை, அதன் முன் மனிதனின் சிறுமை. மருட்கைக்கு நிதானமான பார்வை வேண்டும். வாய் பிளந்து நின்று பார்க்க அவகாசம் வேண்டும். 'க்ளோவர்ஃபீல்ட்' அந்த அவகாசத்தை மறுத்தது. பிராணியின் வால் ஒரு கணம், கால் ஒரு கணம், இரு கட்டடங்களின் இடுக்கில் முதுகு ஒரு கணம் என்று துண்டு துண்டாகவே தெரிகிறது. முழு உருவத்தை நாம் நின்று பார்ப்பது ஹட் அதன் வாயில் அகப்படும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். மருட்கையை வாங்க வந்தவர்களிடம் அச்சத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பிராணியைச் சரியாகக் காட்டவில்லை என்று ஜனங்கள் எழுப்பிய கூக்குரலின் பொருள் இதுதான்.

அச்சத்தின் நான்காவது நிலைக்களனான இறைவன், அதாவது ஆள்பவன், இந்தப் படத்தில் வேலை செய்யும் விதத்தைப் பலர் கவனிக்கவில்லை. ராப்பும் பெத்தும் இறுதியில் மடிவது பிராணியின் வாயில் அன்று. நகரத்தைக் கைவிட்டுக் குண்டு பொழிய முடிவு செய்த தங்கள் சொந்த அரசாங்கத்தின் கையால், சென்ட்ரல் பார்க்கில் ஒரு கல்வளைவின் அடியில். வெள்ளை மாளிகையும் விஞ்ஞானிகளின் ஆலோசனைக் கூடமும் வழக்கமான படங்களில் நமக்குக் காட்டப்படுவது, இறைவன் நம் பக்கம் இருக்கிறான் என்ற ஆறுதலுக்காகவே. இங்கே அந்த அறைக் கதவு ஒருமுறைகூடத் திறப்பதில்லை. ராணுவ வீரன் ஒருவன் போகிறபோக்கில் சொல்லும் இரண்டொரு வாக்கியங்களுக்கு மேல் நமக்கு எதுவும் கிடைப்பதில்லை.

ஜனங்கள் கேட்ட இன்னொரு கேள்வி, 'இவன் ஏன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான்?' என்பது. கேலியாகக் கேட்டவர்களும் உண்டு. மெய்யாகவே எரிச்சலுற்றுக் கேட்டவர்களும் உண்டு. நடந்தது என்ன என்று பிற்பாடு ஜனங்கள் அறிய விரும்புவார்கள் என்பது ஹட் தரும் சமாதானம். இது கதாசிரியரின் சாமர்த்தியம் மட்டும் அன்று. 1963 நவம்பர் 22-இல் டாலஸ் நகரத் தெருவில் ஆபிரகாம் ஸப்ரூடர் என்ற துணி வியாபாரி தம் சிறிய காமிராவில் பிடித்த 26 விநாடிகள், ஒரு ஜனாதிபதியின் கொலைக்கு மூல ஆதாரமாயின. சுடும் ஓசை கேட்டும் அவர் காமிராவை இறக்கவில்லை. 2001 செப்டம்பர் 11-இல், தீயணைப்பு நிலையம் ஒன்றைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த நோதே சகோதரர்களில் ஒருவர், முதல் விமானம் மோதுவதையும் பின்னர் கோபுரம் சரியும்போது உள்ளிருந்தவர்களின் ஓட்டத்தையும் பதிவு செய்தார். அன்று அந்த வட்டாரத்தில் எத்தனையோ சாதாரண மனிதர்கள் ஓடிக்கொண்டே படம் பிடித்தார்கள். ஹட் அவர்களின் வாரிசு. அவனிடம் எரிந்து விழுந்த ரசிகர், தாமே தொலைக்காட்சியில் அத்தகைய பதிவுகளை மீண்டும் மீண்டும் பார்த்தவர் என்பதை எண்ணும்போது, அந்த எரிச்சலில் ஒரு பங்கு பார்த்துக்கொண்டிருக்கும் தம்மையே நோக்கியது என்று தோன்றுகிறது.

இனி மூன்றாவது எதிர்ப்பை, மிகவும் கனமானதை, எடுத்துக்கொள்கிறேன். கட்டடம் சரிகிறது, தெருவின் முனையிலிருந்து சாம்பல் நிறமான தூசி மேகம் சுவர்போல் எழுந்து வருகிறது, ஜனங்கள் ஒரு கடைக்குள் ஓடி ஒளிகிறார்கள், கண்ணாடிக்கு வெளியே பகல் இரவாவதுபோல் எல்லாம் மறைகிறது, பின்னர், உடம்பெல்லாம் வெண்சாம்பல் பூசிய மனிதர்கள் வாய் பேசாமல் தெருவில் நடக்கிறார்கள். இந்தக் காட்சியை 2008-இல் பார்த்த அமெரிக்கன் எவனுக்கும் இதன் மூலம் எது என்று சொல்லத் தேவையில்லை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் மனோலா டார்கிஸ் இந்தப் படத்தைக் கடுமையாகவே கண்டித்தார். நியூயார்க் ரசிகர்களின் காயம் எவ்வளவு பசுமையாயிருந்தது என்பதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே ஓர் அறிகுறி கிடைத்திருந்தது: கடத்தப்பட்ட விமானத்தைப் பற்றிய 'யுனைடெட் 93' படத்தின் முன்னோட்டம் 2006-இல் மன்ஹாட்டன் அரங்கு ஒன்றில் காட்டப்பட்டபோது, பார்த்தவர்களின் வேதனையைக் கண்டு அந்த அரங்கத்தார் அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் படமாவது நடந்ததை நடந்ததாகச் சொல்லி, மாண்டவர்களின் பெயரை உச்சரித்தது. 'க்ளோவர்ஃபீல்ட்' பெயரை உச்சரிக்காமல் சாம்பலை மட்டும் எடுத்துக்கொண்டது.

இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலாக, ராட்சதப் பிராணிப் படங்கள் பிறந்ததே இவ்வாறுதான் என்று சொல்வதுண்டு. ஏப்ரம்ஸுக்கு இந்தப் படத்தின் எண்ணம் உதித்ததே, ஜப்பானுக்குப் போயிருந்தபோது மகனோடு ஒரு பொம்மைக் கடையில் காட்ஸில்லா பொம்மைகளைக் கண்டதிலிருந்து என்று அவர் கூறியிருக்கிறார். அந்த மூலப்படமான 'கோஜிரா', இஷிரோ ஹோண்டாவின் இயக்கத்தில் 1954 நவம்பர் 3-ஆம் தேதி வெளியாயிற்று; ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஒன்பது வருஷம்; அதே வருஷம் மார்ச் முதல் தேதி பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் 'ஐந்தாம் நற்பேற்று நாகம்' என்ற மீன்பிடி கப்பலின் 23 பேர் மேல் படிந்து, அவர்களில் ஒருவர் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கடலில் ஒரு கப்பல் எரிவதோடு அந்தப் படம் தொடங்குகிறது; நாகசாகியிலிருந்து தப்பிப் பிழைத்தவள் ஒருத்தி ரயிலில் தன் விதியை நொந்து பேசுகிறாள். தேசத்தின் துயரத்தை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று அங்கும் விமர்சகர்கள் சினந்தார்கள்; ஆயினும் சுமார் 96 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். ஆக, சாம்பலை எடுத்தாளுவதே குற்றமென்றால் ஹோண்டாவும் குற்றவாளிதான்.

வேறுபாடு சாம்பலில் இல்லை, அதை வைத்த பாத்திரத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. ஆயிரம் வருஷங்களுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய வியாக்கியானத்தில், ரஸாநுபவத்துக்குக் குறுக்கே நிற்கும் விக்னங்கள் ஏழு என்று கணக்கிடுகிறார். மேடையில் நிகழ்வதை இன்ன தேசம், இன்ன காலம், இன்ன மனிதன் என்று தனிப்படுத்தி, தனக்கோ பிறனுக்கோ உரியதாகப் பற்றிக்கொள்வது அவற்றில் ஒன்று; தன் சொந்தச் சுகதுக்கத்தில் ரசிகன் மூழ்கியிருப்பது மற்றொன்று. சோகமும் பயமும் எல்லோருக்கும் பொதுவானவையாக மாறினாலன்றி அவை சுவைக்கத் தக்கவை ஆகா என்பது அந்த மரபின் சாரம். ஹோண்டாவின் படம் தன்னைக் கதை என்று ஒப்புக்கொண்டது. காமிரா நின்ற இடத்தில் நின்றது. பிராணியின் வரலாற்றை எடுத்துச் சொல்ல யமானே என்ற முதிய விஞ்ஞானி இருந்தார். அழிந்த நகரத்துக்காகப் பள்ளிச் சிறுமியர் பிரார்த்தனை கீதம் பாடினார்கள். அழுவதற்கு ஓர் இடமும் நேரமும் அமைக்கப்பட்டிருந்தன. 'க்ளோவர்ஃபீல்ட்' பாணியோ, இது கதையன்று, இன்ன நாள் இரவில் இன்ன தெருவில் இன்னான் எடுத்தது என்று மணிக்கொரு தரம் சத்தியம் செய்கிறது. திரையின் மூலையில் தேதியைக்கூட எழுதுகிறது. பொதுமையாக்கத்தை அது தன் இயல்பினாலேயே தடுக்கிறது; விக்னத்தையே தன் உபாயமாகக் கைக்கொள்கிறது. அந்தத் தேதியும் தெருவும் தூசியும் கற்பனையாகவே இருந்துவிட்ட ஊர்களில் இதனால் விளைவது வெறும் பரபரப்பு. மெய்யாகவே அந்தத் தூசியைச் சுவாசித்தவர் அரங்கில் இருந்தால், அவருக்கு இது படமாவதே இல்லை. அவருடைய கோபத்தை ரசனைக் குறைவு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆகவே இந்தப் படத்தின் மேல் எனக்கு மதிப்பும் மனத்தாங்கலும் ஒருங்கே உண்டு. பேரழிவு என்பது அதன் நடுவே இருப்பவனுக்கு அர்த்தமில்லாத ஓசையாகவும் பாதி காட்சியாகவும்தான் வந்து சேரும் என்ற உண்மையை இவ்வளவு நேர்மையோடு காட்டிய வணிகப்படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பலர் பொறுமையிழந்து குறைகூறிய அந்த முதல் விருந்துப் பகுதியைக்கூட, வீண் பேச்சும் சில்லறை மனஸ்தாபங்களும் நிறைந்த அதன் அற்பத்தனத்துக்காகவே நான் ஆதரிக்கிறேன். எந்த நாசமும் அப்படிப்பட்ட மாலை ஒன்றின் நடுவில்தான் வந்து விழுகிறது. இதே காமிராவில் முன்பு பதிந்திருந்த, ராப்பும் பெத்தும் கோனி தீவுக்குப் போன ஒரு சந்தோஷ நாளின் துணுக்குகள் இடையிடையே எட்டிப் பார்ப்பது உயர்ந்த கற்பனை. ஆனால் துக்கிப்பதற்கு ஓர் இடத்தை இந்தப் படம் யாருக்கும் விட்டுவைக்கவில்லை. அங்கேதான் ஹோண்டாவுக்கு அது கடன்பட்டும் கடனைத் தீர்க்கவில்லை.

இசையும் இல்லை. படம் முழுவதிலும் பின்னணி இசை என்பதே கிடையாது. பதிவில் இசைக்குழு எங்கிருந்து வரும் என்ற நியாயம்தான். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியபிறகே மைக்கேல் ஜியாக்கினோ அமைத்த, 'கோஜிரா'வின் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயை வணங்கி நினைவூட்டும் நீண்ட இசை முழங்குகிறது. எழுந்து போகாமல் அமர்ந்திருந்தவர்களுக்கு அங்கேதான், இது ஒரு படம், நாம் ரசிகர்கள் என்ற பழைய உறவு மீண்டது.

அறிவின் எதிர்ப்பு என்று முன்னே குறிப்பிட்டது முடிவைப் பற்றியது. பிராணி எங்கிருந்து வந்தது, என்ன ஆயிற்று என்று ஒரு சொல்கூட விளக்காமல் படம் நின்றுவிட்டதனால் ஜனங்கள் அரங்கிலேயே வாய்விட்டு முணுமுணுத்தார்கள். மெய்யான பேரழிவில் அகப்பட்டவனுக்குக்கூட மறுநாள் பத்திரிகை உண்டு, விசாரணைக் குழு உண்டு, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு; சாட்சியின் துன்பம் முழுவதையும் ரசிகன் மேல் ஏற்றிய இந்தப் படம் சாட்சியின் உரிமையை மட்டும் அவனுக்குத் தரவில்லை. தரப்படாததை ரசிகர்கள் தாங்களே தேடி எடுக்கத் தொடங்கினார்கள் என்பதே இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோனி தீவின் அந்தக் கடைசிக் காட்சியில், தூரத்தில் வானத்திலிருந்து ஏதோ ஒன்று கடலில் விழுவதை நுட்பமான கண்ணுடையவர்கள் கண்டுபிடித்து மற்றவர்களுக்குக் காட்டினார்கள். பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு கேட்கும் மங்கலான குரலைப் பின்முகமாக ஓட்டிக் கேட்டால், அது இன்னும் உயிரோடிருக்கிறது என்று சொல்வதாக அறிந்தார்கள். விளம்பரத்துக்காகப் புனையப்பட்ட 'டாக்ருவாட்டோ' என்ற ஜப்பானியக் கம்பெனியையும் 'ஸ்லஷோ' என்ற பானத்தையும் பற்றிய துணுக்குகளை ஒன்றுசேர்த்துக் கடலடியில் நடந்திருக்கக்கூடிய சரித்திரம் ஒன்றைக் கட்டினார்கள். கண்டெடுத்த பதிவு என்று படம் சொன்ன பாவனையை, அதை வைத்து விசாரணை நடத்தி ஜனங்களே பூர்த்தி செய்தார்கள்.

அந்தப் பிராணி ஒரு குட்டி என்றும், தாயைப் பிரிந்து பயந்துபோய் அப்படி நடந்துகொள்கிறது என்றும் ரீவ்ஸ் பேட்டிகளில் சொன்னார். உருவத்தை அமைத்த நெவில் பேஜும் அந்த எண்ணத்தின்மேலேயே அதை வரைந்திருந்தார். இதை அறிந்து மறுமுறை பார்த்தவர்களில் பலருக்கு அதன்மேல் இரக்கம் பிறந்தது. முதல்முறை பார்ப்பவனுக்கு அந்த இரக்கம் எட்டாதபடி படம் அவனை ஓட்டிக்கொண்டே இருக்கிறது.

விளக்கம் கேட்ட ஜனங்களுக்குத் தயாரிப்பாளர் பத்து வருஷம் கழித்து விளக்கம் கொடுத்தார். இடையில் 2016-இல் வந்த '10 க்ளோவர்ஃபீல்ட் லேன்' பதிவுப் பாவனையை அடியோடு விட்டுவிட்டு, நிலவறைக்குள் அடைபட்ட மூவரின் கதையை நிலையான காமிராவில் சொல்லி நல்ல பெயரெடுத்தது. 2018 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் முன்னறிவிப்பே இல்லாமல் வெளியான 'தி க்ளோவர்ஃபீல்ட் பாரடாக்ஸ்', விண்வெளி நிலையத்தில் இயங்கிய துகள்முடுக்கி ஒன்று அண்டங்களுக்கிடையே உள்ள திரையைக் கிழித்துவிட்டதால் இத்தகைய பிராணிகள் உலகத்துக்குள் புகுந்தன என்று காரணம் கூறி, மேகங்களுக்கு மேல் தலைநீட்டிக் கர்ஜிக்கும் ஒரு ராட்சத உருவத்தை ஒளிமறைவில்லாமல் நன்றாகவே காட்டியது. விமர்சகர்களும் ஜனங்களும் ஒருமுகமாக அதை நிராகரித்தார்கள். ஹட்டின் கை நடுங்கியபோது, பிராணியைக் காட்டு, காரணத்தைச் சொல் என்று குரலெழுப்பியவர்களில் பெரும்பாலோருக்கு, இரண்டும் கிடைத்த அந்தப் படம் ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.